சோறு கொண்டு வந்தவள்

கற்பகவல்லி வக்கீலின் அலுவலகம் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. கீழே எந்திரம் ஓடும்போது மாடியில் மேசைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் நடுங்கும். கோடை விடுமுறைப் பயிற்சிக்காகச் சட்டக் கல்லூரியிலிருந்து மணிகண்டராஜும் நானும் போய்ச் சேர்ந்தபோது, அந்த நடுக்கத்துக்குப் பழகிக்கொள்ளச் சொன்னதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை. தொழிலாளர் வழக்குகள் மட்டுமே எடுப்பவர். காலையில் நாங்கள் வழக்குக் கட்டுகளைப் படிக்க வேண்டும். மாலையில் வெளியே போக வேண்டும். பயிற்சி முடிவதற்குள் ஆளுக்கொரு தொழிலாளியின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும்.

"வழக்க எழுதாதீங்க, அது என் வேலை. ஆள எழுதுங்க" என்றார்.

மணிகண்டராஜ் அன்று மாலையே பேருந்து நிறுத்தத்துக்குப் போய், பட்டாசு கம்பெனி வேனுக்குக் காத்திருந்த பெண்களிடம், "உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டான்.

"எங்க வேன் போயிருச்சு, அது தெரியும்" என்றாள் ஒருத்தி. "ஒங்க கூடப் பேசிக்கிட்டு நின்னதுல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு அவர்களோடு நடந்தே போனான். அவனால் யாரோடும் பேச முடியும். எனக்கு அது வராது. நான் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் சங்கிலிமுத்துவைப் பார்த்தேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. கத்திரி வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வலப்பக்கம் சுவர் இருக்கும்படி பார்த்து உட்காருவார். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பார். அவ்வப்போது இடது கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், பயணத்தில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல. எங்கள் அலுவலகத்துக்கு மாரிசெல்வி என்ற பெண் தன் சித்தி வீரலட்சுமியோடு வரும் நாட்களில் மட்டும் அவர் வருவார். அவர்கள் படி இறங்கும்போது எழுந்து நிற்பார். அந்தப் பெண் திரும்பாமல் போவாள். பிறகு ஆடை படிந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

யார் என்று கேட்டபோது கற்பகவல்லி ஒரு வழக்குக் கட்டை என் முன் நகர்த்தி வைத்தார்.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாரணாபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டாசு கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. ஓர் அறைக்குள் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். செத்தது ஐந்து பேர். நால்வர் தொழிலாளர்கள். ஐந்தாவது சண்முகத்தாய், அந்தக் கம்பெனியின் போர்மேன் சங்கிலிமுத்துவின் மனைவி. அவள் அங்கே வேலை செய்யவில்லை, புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தவள் என்று கம்பெனி சொன்னது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் போலீசிடம் சங்கிலிமுத்துவும் அதையே சொன்னார். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அறைக்குள் ஐந்தாவது ஆளை உட்கார வைத்தது யார் என்ற கேள்வி வரும். உட்கார வைப்பது போர்மேன் வேலை. வெடிவிபத்து வழக்கில் ஏற்கெனவே அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஜாமீனில் வெளியே இருந்தார்.

மாரிசெல்வி அவர்களுடைய ஒரே மகள். பிளஸ் டூ முடித்திருந்தாள். வயது நிறையாததால் சித்தியைத் துணைக்கு வைத்து இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டிருந்தாள். என் தாய் தொழிலாளி, வேலையில் இருக்கும்போது இறந்தாள் என்பதுதான் மனு. அதைச் சொல்ல ஒரு சாட்சி இல்லை. அறையில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. மற்ற தொழிலாளர்கள் அதே கம்பெனியில் இன்றும் வேலை பார்க்கிறார்கள். மிச்சம் இருந்தது அப்பா. அவரைக் கம்பெனி தன் சாட்சியாக அழைத்திருந்தது.

மணிகண்டராஜ் ஒருநாள் அந்தப் பெண்ணிடம், "எவ்வளவு கிடைக்கும்னு எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். "கெடைக்கிறது கெடைக்கட்டும். எங்கம்மா பன்னெண்டு வருசம் அங்கன வேல பாத்துச்சு. தூக்குச்சட்டியத் தூக்கிட்டுப் போன எடத்துல செத்துச்சுன்னு எளுதி வச்சிருக்காக. அத அளிக்கணும். அம்புட்டுதான்."

வீரலட்சுமி பேச்சை அங்கே நிறுத்தவிடவில்லை. அக்காளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்கு அந்த ஒரு காட்சிதான் வரும். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். மஞ்சள் பூசுவதற்காகக் கால்பக்கம் மட்டும் துணியை விலக்கினார்.

"காலு ரெண்டும் அப்பிடியே இருந்துச்சு மேடம். தீ தொடவே இல்ல. மெட்டிய மட்டும் காணோம். வெரல்ல வெள்ளையாத் தடம் இருந்துச்சு. சுமங்கலியாப் போனவள மெட்டியும் பூவுமா அனுப்பணும்பாக. நாங்க வெறுங்காலோட அனுப்புனோம்."

"அப்பாகிட்டக் கேட்டேன்" என்றாள் மாரிசெல்வி, மேசையைப் பார்த்தபடி. "எங்கிட்டாவது விளுந்திருக்கும்னாரு. அன்னையில இருந்து பேசல."

அன்று அவர்கள் போன பிறகு, சங்கிலிமுத்துவை எழுதட்டுமா என்று கேட்டேன். கற்பகவல்லி உடனே சரி என்று சொல்லவில்லை.

"எழுது. ஆனா வழக்கப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அவர் எதிர்த்தரப்புச் சாட்சி. பொறந்தது, வளர்ந்தது, பார்த்த வேலை, அவ்வளவுதான். நீ யாருன்னு முதல்லயே சொல்லிரு."

சொன்னேன். டீக்கடை பெஞ்சில் அவருக்கு இடப்பக்கமாக உட்காரச் சொன்னார். வெடித்த அன்று வலக்காது போய்விட்டது. எதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையிலிருந்த கவிதைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பாதிப் பக்கம் வெறுமனே கெடக்கு?"

"கவிதை. இப்படித்தான் இருக்கும்."

"இம்புட்டு வெள்ளைத் தாள வீணாக்கியிருக்கான். அச்சாபீஸ்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் அவர் அப்போது காவலாளியாக இருந்தார். தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்து இருந்து, தாள் வீணாவதைக் காணப் பொறுக்கவில்லை என்றார். ஒரு கவிதையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "சொல்ல வந்தவன் சொல்லாமப் போயிட்டான்" என்றார். பிறகு, அது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அப்புறம் அவரே பேசினார். நான் கேட்காததால் பேசினார் என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களையெடுக்கப் போனவர்கள். ஊரில் மழை இல்லாத வருஷங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை எழுப்பி ஏற்றிக்கொண்டு போகும். அவர் தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்கினார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. வளர்ந்ததும் பட்டாசுக்கு வந்தார். தாள்குழாய் சுற்றினார், திரி வைத்தார், மருந்து அடைத்தார். கை நடுங்காது, பேச்சுக் கிடையாது என்பதால் பயிற்சிக்கு அனுப்பிப் போர்மேன் ஆக்கினார்கள்.

"பேனா குத்துன சட்டை போட்டேன். எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சுச்சு. போர்மேன்னா யாருன்னு அதுக்குத் தெரியாதுல்லா? வெடிச்சா எளுதுறதுக்குன்னு மொதல்லயே ஒரு பேரு வேணும். அதான் போர்மேன்."

சண்முகத்தாயைப் பற்றிச் சொல்ல வந்தபோது குரல் இறங்கியது. கல்யாணமானபோது அவள் வீட்டிலிருந்து தாள்குழாய் சுற்றினாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகு கம்பெனிக்கு வந்தாள். இவரைவிட அவளுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். கம்பெனி வாசலில் தினமும் காலையில் போர்மேன் ஒவ்வொருவரையும் சோதித்து உள்ளே விட வேண்டும். தீப்பெட்டி, செல்போன், கொண்டை ஊசி எதுவும் போகக் கூடாது. மெட்டி கூடாது. தரையில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். வேப்பமரத்தில் கட்டியிருந்த டப்பாவில் பெண்கள் மெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்து அவரவர் மெட்டியைத் தேடுவதே ஒரு கூத்து.

"அவ மட்டும் டப்பாவுல போட மாட்டா. எஞ்சட்டப் பையில போடுவா. 'ஊருல எல்லா ஆம்பளையும் பொண்டாட்டிக்கு மெட்டி போட்டு விடுவான். களட்டு களட்டுன்னு தெனமும் வாசல்ல நிக்கிறது எனக்கு வாச்ச ஆளுதான்'ம்பா. சனமெல்லாம் சிரிக்கும். எனக்கு வெக்கமா இருக்கும். சாயங்காலம் வேன்ல ஏறுறப்ப கைய நீட்டுவா. எடுத்துக் குடுப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடிக்கும்போது இடது கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. கை போன இடத்தை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் எழுந்து, வெயிலில் இறங்கி நடந்துவிட்டார். அன்று டீயைக் குடிக்கவில்லை.

மாடிக்கு வந்து கற்பகவல்லியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். கீழே எந்திரம் நின்றிருந்த நேரம், டம்ளரில் தண்ணீர் அசையவில்லை.

"சோறு கொண்டு வர்றவ வாசலோட நின்னுருவா. மெட்டியக் கழட்ட மாட்டா" என்றார். "அது ஒண்ணு போதும் எனக்கு. ஆனா அத அவர் மேசைல எடுத்து வச்சா அறைக்குள்ள அஞ்சு பேருன்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி. நேரா வெடிவிபத்து வழக்குக்குப் போகும். நான் எடுங்கன்னு சொல்ல முடியாது. எடுக்காதீங்கன்னும் சொல்ல முடியாது, நான் அவர் மகளுக்கு வக்கீல்." மூடிய பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "தனக்குன்னு ஒரு வக்கீலப் பாக்கச் சொல்லு. அது மட்டும் சொல்லு."

அடுத்த முறை அதைச் சங்கிலிமுத்துவிடம் சொன்னேன்.

"வக்கீல் இருக்காரே தம்பி. கம்பெனியே வச்சுக் குடுத்துருக்கு."

அதற்கு மேல் சொல்ல எனக்கு உத்தரவில்லை. அவருடைய இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாரிசெல்வி படி இறங்கிப் போனாள். அவர் எழுந்து நின்றார். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தார். "அவ அம்மா மாதிரியே நடக்கா" என்றார்.

விசாரணை எங்கள் பயிற்சியின் கடைசி வாரத்தில் வந்தது. நீதிமன்றம் போல இல்லை அது. ஓர் அலுவலக அறை. ஒரு நீண்ட மேசை, மேலே மின்விசிறி. மேசையின் ஒரு பக்கம் ஆணையர், மறுபக்கம் இரு தரப்பு வக்கீல்கள். சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் வீரலட்சுமியும் மாரிசெல்வியும், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். சங்கிலிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் மாட்டி வந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் நிதானமானவர். வலக்காது கேட்காது என்று தெரிந்து சங்கிலிமுத்துவின் இடப்பக்கம் வந்து நின்று கேட்டார். பெயர், ஊர், எத்தனை வருஷம் வேலை. பிறகு, "சம்பவத்தன்னைக்கு உங்க மனைவி எதுக்காகக் கம்பெனிக்கு வந்தாங்க?" என்றார்.

சங்கிலிமுத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் கேள்வியை மறுபடி சொன்னார், கொஞ்சம் உரக்க.

"கேக்குது சார்" என்றார் அவர்.

இடது கையால் சட்டைப்பையைத் திறந்தார். ஒரு துணி முடிச்சை எடுத்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு மெட்டிகளையும் மேசையில் வைத்தார். நடுவில் இருந்த கண்ணாடி விரிப்பில் அவை பட்ட சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"சோறு கொண்டாந்தவ எதுக்குங்கய்யா மெட்டியக் களட்டணும்?" என்று சங்கிலிமுத்து ஆணையரைப் பார்த்துக் கேட்டார். "வேலைக்குத்தான் வந்தா. தெனமும் வர்றவதான். காலைல கேட்டுல களட்டி எம்பையில போட்டா. சாயங்காலம் கேக்க வரல."

கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். ஆணையர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "முழுசாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னார். சீசன் நேரம், லோடு ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தது. அறைக்குள் நான்கு பேர். மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்தார்கள், அதுவும் கூடாதுதான், வெக்கைக்கு உட்காருவார்கள். சண்முகத்தாய் மரத்தடியில் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் தூறல் விழுந்தது.

"மருந்துக்கு ஈரம் ஆகாது சார். ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே சூடேறும். மளை தூறுது, தட்ட எடுத்துட்டு உள்ள போன்னு அவகிட்டச் சொன்னேன். எடமில்லையேன்னா. செத்த நேரந்தான், போன்னேன். மத்தவளுகளச் சொல்லல, பொண்டாட்டிங்கிற உரிமைல அவளத்தான் சொன்னேன். மேடையில காயப் போட்டிருந்த சரக்குக்குத் தார்ப்பாய் எடுக்கத் திரும்புனேன்."

நிறுத்தினார். அதற்கப்புறம் நடந்ததை யாரும் கேட்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார்.

கம்பெனி வக்கீல் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு அதே நிதானத்தோடு, "ஒரே ஒரு கேள்வி" என்றார். "உள்ள போகச் சொன்னது நீங்க. முதலாளி சொல்லல. மேனேஜர் சொல்லல. அப்படித்தானே?"

கற்பகவல்லி சட்டென்று எழுந்து ஆட்சேபம் சொன்னார். சங்கிலிமுத்து அவருக்குக் காத்திருக்கவில்லை.

"நாந்தான் சார்."

"பதிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்தார். ஒரு சாட்சியை இழந்தவர் முகம் போல அது இல்லை. மணிகண்டராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெட்டிகளைச் சான்றுப் பொருளாகக் குறித்துக்கொள்ள ஆணையர் உத்தரவிட்டார். எழுத்தர் ஒரு காகித உறை கொண்டு வந்தார். அதற்குள் மாரிசெல்வி மேசை பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"சார், அத நான் வச்சுக்கிறட்டுமா?"

"வழக்கு முடியிற வரைக்கும் இங்கதாம்மா இருக்கணும்."

"ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா?"

ஆணையர் இரு வக்கீல்களையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். அவள் எடுக்கவில்லை. ஒரு விரலை மட்டும் வைத்தாள், ஒன்றின்மேல், பிறகு மற்றொன்றின்மேல். எழுத்தர் உறையில் போட்டு ஒட்டினார். அவர் ஒட்டி முடிக்கும்வரை அவள் அந்தப் பசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. சங்கிலிமுத்து தனியாக, தள்ளி நின்றார். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய், காலிப் பையைத் தொட்டு, இறங்கியது. மாரிசெல்வி அவரிடம் போனாள். முதலில் வலப்பக்கம் நின்றாள். பிறகு ஞாபகம் வந்து இடப்பக்கம் போய் நின்றாள்.

"அன்னைக்கே ஏம்ப்பா குடுக்கல?"

அவர் தலை குனிந்தார்.

"எங்கயும் சொல்ல வேணாம். எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல. நான் கேக்கையில ஒங்க பையிலதான் இருந்துச்சு. அம்மா கால்ல போட்டு அனுப்பிருப்பேன்ல."

"பயந்துட்டேன்த்தா" என்றார்.

அவள் அழவில்லை. அவரைத் தேற்றவும் இல்லை. பேருந்து வந்தது. முன்படியில் சித்தியோடு ஏறினாள். உட்கார்ந்த பிறகு, அவர் பின்படியில் ஏறிவிட்டாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஏறியிருந்தார். அதற்குப் பிறகு திரும்பவில்லை.

நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, டீக்கடை பெஞ்சோடு நின்றுபோயிருந்தது. கற்பகவல்லி அதை வாங்கிப் படித்துவிட்டு, விசாரணையை ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. ஆள எழுதுங்க என்று சொன்னவர் அவர்தான்.

ஐப்பசியில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். உத்தரவு வந்துவிட்டது. பணியின்போது இறந்த தொழிலாளி சண்முகத்தாய், என்று அதில் இருக்கிறது. மாரிசெல்வி அந்த வரியை மட்டும் படி எடுத்துக்கொண்டு போனாளாம். அப்பாவிடம் பேசுகிறாளா என்று கேட்டேன்.

"சாப்பாடு எடுத்துட்டுப் போறா, அச்சாபீஸுக்கு. வச்சுட்டு வந்துருவாளாம்."

வெடிவிபத்து வழக்கு இன்னும் நடக்கிறது. மேசை முன் சங்கிலிமுத்து சொன்ன இரண்டு சொற்களைக் கம்பெனித் தரப்பு அங்கே கொண்டுபோய்த் தாக்கல் செய்துவிட்டது. முதலாளியின் பெயர் அந்த வழக்கிலிருந்து நீங்கலாம் என்கிறார்கள். சங்கிலிமுத்து கம்பெனி கொடுத்த வக்கீலை விட்டுவிட்டார். கற்பகவல்லி வேறொருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்.

மெட்டி இன்னும் உறையில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும், கொண்டு வந்து வைத்தவரிடமே திருப்பித் தருவார்கள். அதைச் சொல்லத்தான் கற்பகவல்லி அவரை மாடிக்கு அழைத்தாராம். அதுநாள்வரை ஏறாத படியை ஏறி வந்து, டம்ளரில் தண்ணீர் நடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்:

"புள்ள கையில குடுக்கச் சொல்லி எளுதிக்கோங்கம்மா. நான் அப்ப எங்கன இருப்பேனோ."

உள்ளே போகிறவர்கள் மெட்டி, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் கொடுத்துவிட வேண்டும் என்று ஜெயிலிலும் விதி உண்டாம். அதையும் அவர்தான் சொன்னாராம், கிளம்பும்போது, சிரித்துக்கொண்டே.